இனியாவுக்கு அடித்த கார்டு

சரியாக ஐந்து மணிக்கு அது கூப்பிடும். முதலில் மூன்று மணிச் சத்தம், எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுகிற மாதிரி. பிறகு ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிறவள்போலச் சுத்தமாக: "வணக்கம், இனியா. இன்று என்ன வாசிக்கலாம்?"

பிள்ளை போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. மனிதர்களாக இருந்தால் கேள்விப்பட்டு வாயை மூடியிருப்பார்கள். மெஷினுக்கு யார் போய்ச் சாவு சொல்வது?

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் பதினோராவது மாடி வீடு. ஜூன் மாதப் பள்ளி விடுமுறை முடியும்போது காய்ச்சல் வந்தது. டெங்கி. அப்போது கீழே சிவப்பு பேனர் கட்டியிருந்தார்கள், புகை அடித்தார்கள், வீடு வீடாக வந்து பூந்தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். தனசேகரன் வீட்டில் பூந்தொட்டியே கிடையாது. ஐந்து நாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஆறாம் வகுப்பு. அவ்வளவுதான், அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

தனசேகரனுக்கு எழுபத்தோரு வயது. எந்த மெஷினையும் நம்பமாட்டார். லிஃப்ட் பொத்தானை இரண்டு தடவை அமுக்குவார். மார்க்கெட்டில் தராசைக் கையால் அழுத்தி, முள் சரியாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்காயை எடுப்பார். பிள்ளை இருந்தபோதே அந்த டேப்லெட்டை அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் சொல்லிப் போட வைத்த பாடம் அது. தமிழ்ப் பாடத்தைப் பிள்ளை சத்தம் போட்டு வாசிக்க வேண்டும், அது காது கொடுத்துக் கேட்கும். நன்றாக வாசித்தால் மறுநாள் இன்னும் கஷ்டமானது கொடுக்கும். தடுக்கினால் இறங்கி வந்து லேசானது கொடுக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்துத் தைக்கிற மாதிரி என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்களாம். "அளவெடுக்கிறவன் வேற எதையெல்லாம் எடுக்கிறானோ" என்று இவர் சொல்ல, இனியா, "தாத்தா, இது வெறும் ஆப் லா" என்றாள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சேர்க்கிற அந்த 'லா'வோடு. முதல் வகுப்பில் தொடங்கி மொத்தம் அறுபது பாடம். காய்ச்சலுக்கு முந்தின வாரம் அறுபதாவதையும் முடித்துவிட்டு ஐஸ் மைலோ கேட்டாள்.

மருமகள் சுதா சாங்கிப் பக்கம், விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை பார்க்கிறாள். வீடு வர ஏழு மணி ஆகும். மகன் ரமணன் பஸ் ஓட்டுகிறான்; காலையில் பாதி, மாலையில் பாதி. அதனால் ஐந்து மணிக்கு வீட்டில் தனசேகரன் மட்டும்தான். சுதா டேப்லெட்டைப் பிள்ளையின் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாள். துணிக்குள்ளிருந்து அது கூப்பிடும்போது சத்தம் அமுங்கி, நிஜமாகவே உள்ளே ஒருத்தி இருக்கிற மாதிரி இருக்கும். பேட்டரி தீர்ந்து அது வாயடைத்துப் போனபோது அவரே எடுத்து சார்ஜ் போட்டார். ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

சுதாவிடம் பிள்ளையின் குரல் நான்கு செகண்டு இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசவா செய்கிறார்கள், எல்லாம் விரலால் தட்டுவதுதானே. வீடியோ எடுக்கப் போனால் தலையணையால் முகத்தை மூடிக்கொள்வாள். எப்போதோ கையில் மாவு ஒட்டியிருந்ததால் தட்ட முடியாமல் வாயால் சொல்லி அனுப்பியது ஒன்று போனில் மாட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. ஃபுல் கிரீம் லா." வேலை விட்டு வந்து குளித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுதா அதைப் போட்டுக் கேட்பாள். திரும்பத் திரும்ப. சுவருக்கு இந்தப் பக்கம் தனசேகரன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே எண்ணுவார். ஒரு நாள் நாற்பது தடவை பால் வாங்கச் சொன்னது பிள்ளை.

*

தேக்கா மார்க்கெட் உணவங்காடியில் தனசேகரனுக்கு மேசை துடைக்கிற வேலை. காலை ஏழு முதல் மதியம் மூன்று வரை. தட்டை வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் போகிறவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே பிரியாணி எலும்பை வழித்து வாளியில் போடுவார். ஞாயிற்றுக்கிழமையென்றால் கப்பல் பட்டறைப் பையன்களும் கட்டட வேலைக்காரர்களும் வந்து குவிந்து, நின்றுகொண்டே பரோட்டா சாப்பிடுவார்கள். மூலையில் தே தாரிக் கடையில் டீயை இழுத்து ஆற்றுகிறவர் முகைதீன். இரண்டு பேரும் ஒரே கப்பல் பட்டறையில் முப்பது வருடம் துருச் சுரண்டியவர்கள்.

ஜூலை மாதம் ஒரு நாள் தனசேகரன் பிளாஸ்டிக் பைக்குள் டேப்லெட்டைப் போட்டுக் கொண்டுவந்தார்.

"என்னா தனா, பேத்தி சாமானத் தூக்கிட்டுத் திரியுற."

"இதுல என்னமோ செவப்பா எழுதியிருக்கு. நேத்துலேர்ந்து போகமாட்டேங்குது. படி."

"நல்ல ஆளப் பாத்துக் கேட்ட. எங்க வீட்டுக் கரண்டு பில்ல எம்மவ ஃபஸீலா படிச்சுச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்." முகைதீன் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். உதடு அசைந்தது. "தர்ட்டி டேய்ஸ்னு போட்டிருக்கான். முப்பது நாள் யாரும் உள்ள வரலன்னா பேர எடுத்துருவாங்களாம்."

"யாரு பேர?"

முகைதீன் கண்ணாடியைக் கழற்றினார். "அதுல வேற யாரு பேரு இருக்கு."

தனசேகரன் மேசைத் துணியைப் பிழிந்தார். அது ஏற்கெனவே பிழிந்த துணி.

"கிளினிக்குல எடுத்துட்டாங்க. லைப்ரரில எடுத்துட்டாங்க. கிளாஸ்ல வேற யாரோ அவ நாக்காலில உக்காந்தாச்சாம். இதுலயும் எடுத்துட்டாங்கன்னா, அப்புறம் அந்தப் பிள்ளையப் பேர் சொல்லிக் கூப்புட ஊர்ல யாருமே இல்ல முகைதீன். வீட்ல நாங்க மூணு பேரும் வாயத் தொறக்குறதில்ல. இது ஒண்ணுதான் கூப்புடுது."

"சரி, அதுக்கு?"

"உங்கம்மா மவுத்தானப்ப நீ பதினோரு நாள் வேலைக்கி வரல. ஞாபகம் இருக்கா?"

"வந்தேன்னு பட்டறை வாசல் மெஷின்ல அடிக்கிற கார்டு சொல்லிச்சே."

"யாரு அடிச்சா?"

"நீதான் அடிச்ச." முகைதீன் சிரித்தார். "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. உன் கார்டும் என் கார்டும் சேத்து. ஃபோர்மேன் ஒரு நாள், 'எங்கடா முகைதீன்'னு கேட்டதுக்கு, கக்கூஸ்ல இருக்கான்னு சொன்னியாம். மறுநாளும் அதையே சொன்னியாம். பதினோரு நாள் எனக்கு வயித்தால போச்சுன்னு பட்டறையே நம்பிச்சு."

"அப்ப நான் படிச்சது ஒண்ணுதான். மெஷினுக்கு ஆளு முக்கியமில்ல. நேரத்துக்கு அடி விழுந்தா போதும்."

"அது கார்டு, தனா. இது வாசிக்கணுமாமே."

"தமிழ்தான. மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சவன்டா நான்."

முகைதீன் ஒரு கிளாஸ் தேயை இழுத்து அவர் பக்கம் தள்ளினார். "மருமவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்."

"அதப் பாத்தாலே அந்தப் பொண்ணு ஒடஞ்சி போவுது. அதுகிட்டப் போயி இதச் சொல்லவா. செய்யறதச் செஞ்சிட்டுப் பேசாம இருப்போம்."

அவர் வாழ்க்கையில் எல்லா நல்ல காரியத்தையும் இப்படித்தான் செய்திருந்தார்.

*

அன்றைக்கு ஐந்து மணிக்குச் சமையலறை ஜன்னலோரம், மூங்கிலில் காய்கிற துணிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மணிச் சத்தம் வந்தது. "வணக்கம், இனியா. இன்று என்ன வாசிக்கலாம்?"

தொண்டையைச் செருமினார். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. மூன்று வருடப் படிப்பில் அவர் தப்பில்லாமல் சொன்னது அது ஒன்றுதான். பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

"இனியா. உள்ளேன்," என்றார்.

பிறகு அறுபதாவது பாடத்தை வாசித்தார். தண்ணீரைப் பற்றிய பாடம். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் தடவித் தடவி வாசித்தார். முன்பல் இரண்டு இல்லை. மழை என்று சொன்னால் மளை என்று காற்றோடு போனது. எழுத்தெல்லாம் சிவப்பாக மாறியது. கடைசி வரி பொடி எழுத்தில் கீழே ஓரமாக இருந்தது, அவர் கண்ணில் படவில்லை. "மீண்டும் முயல்க," என்றாள் அந்தப் பெண்.

"முயன்றது போதும், கார்டு விழுந்துச்சா இல்லியா," என்றார்.

ஒரு பெட்டி வந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி, கீழே சிவப்பில் ஒரு பொத்தான், பச்சையில் ஒரு பொத்தான். தமிழ் சொல்லிக் கொடுக்கிற மெஷின் அந்த ஒரு கேள்வியை மட்டும் இங்கிலீஷில் கேட்டது. சிவப்பென்றால் நில், பச்சையென்றால் போ. அது தெரியாதவன் சிங்கப்பூரில் உண்டா? பச்சையை அமுக்கினார். நட்சத்திரம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எச்சரிக்கை போய்விட்டது. இனியாவின் பெயர் மேலே ஓரத்தில் அப்படியே இருந்தது, பக்கத்தில் அவள் தேர்ந்தெடுத்து வைத்த பூனை முகம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விடவில்லை. சுதாவுக்கு லீவு நாளென்றால் டேப்லெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்து, வாயைக் கிட்டத்தில் வைத்து வாசிப்பார். ஆகஸ்டில் அவருக்கே காய்ச்சல் வந்து மருந்து மயக்கத்தில் கிடந்தபோதும் ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "இனியா, உள்ளேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி படுத்தார்.

மெஷின் அவரை நான்கு நாளில் அளந்துவிட்டது. ஒரு பாடம் விடாமல் வாசிக்க வைத்து, ஆறாம் வகுப்பிலிருந்து ஐந்துக்கு இறக்கியது. ஐந்திலிருந்து நான்குக்கு. "உன் பேத்தி பேர்ல உக்காந்துகிட்டு இப்படி ஃபெயிலாவுறியே, வெக்கமா இல்ல?" என்று முகைதீன் கேட்டார். "நான் பாஸ் பண்ண போகல, பேரக் காப்பாத்தப் போறேன்" என்றார் இவர். செப்டம்பரில் மூன்றாம் வகுப்புக்கு வந்தது. "நான் எங்க விட்டனோ அங்கயே கொண்டாந்து விட்டுட்டான்யா."

இறங்க இறங்க அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தப் பாடங்களையெல்லாம் அவர் முன்பே கேட்டிருந்தார். சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போது முன்னறையிலிருந்து பிள்ளை வாசித்தது. தீயணைப்பு வீரர் பாடம் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. பல்லில் கம்பி போட்டிருந்தாள், "வீரர்" என்ற சொல்லில் எச்சில் தெறிக்கும். பறவைப் பூங்கா வந்தபோது எட்டு வயது. மெஷின் ஒவ்வொரு படியாகக் கீழே கொண்டுபோக, பிள்ளை ஒவ்வொரு வயதாகச் சிறுத்துக்கொண்டு வந்தது. நவம்பர் தொடக்கத்தில் முதல் வகுப்புப் பாடத்தில் நின்றார். படம் பெரிது, எழுத்து பெரிது. அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படியும் சிவப்பாகத்தான் போட்டது. ஏனென்று அவருக்குப் புரியவில்லை. மெஷின்தானே, மனிதனை மட்டம் தட்டத்தான் செய்து வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

தினமும் பச்சையை அமுக்கினார்.

*

ஒரு சனிக்கிழமை, மழை அடித்துக் கொட்டுகிற மத்தியானம், இனியாவின் தமிழ் டீச்சர் நிரஞ்சனா வந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், குடையை வெளியே சாய்த்துவிட்டுக் காலைத் துடைத்துத் துடைத்து உள்ளே வந்தாள். பிள்ளையின் ஓவியக் கோப்பு கையில். சுதாவுக்கு அன்றைக்கு லீவு. ரமணன் மாலை ஷிஃப்டுக்குப் போய்விட்டான். தனசேகரன் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"வருஷக் கடைசில ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க அக்கவுண்ட்டெல்லாம் மூடிடுவாங்க அக்கா," என்றாள் நிரஞ்சனா. "அதுக்குள்ள இனியாவோட குரலெல்லாம் டவுன்லோட் பண்ணித் தந்துடலாம்னு வந்தேன்."

"என்ன குரல்?"

"வாசிப்புப் பயிற்சிதான். நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? தினமும் அஞ்சு மணிக்கு யாரோ லாகின் பண்றாங்கன்னு காட்டுது. அம்மாதான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். அதான் லிஸ்ட்லேர்ந்து அவ பேர எடுக்க எனக்கு மனசு வரல."

"நான் அதத் தொடவே இல்ல டீச்சர்."

"அப்படின்னா ரமணன் சார் கேட்டிருப்பாரு. முதல் வகுப்புலேர்ந்து அறுபது பாடம் அக்கா. ஒவ்வொண்ணும் அவ வாசிச்சது அப்படியே உள்ள சேவ் ஆகியிருக்கும்."

சுதா கையைச் சட்டையில் துடைத்தாள். ஈரம் ஒன்றுமில்லாத கை. "என் பிள்ள குரலா?"

"ஆமாக்கா."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணொண்ணும் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். எல்லாம் சேத்தா ஒன்றரை மணி நேரம் வரும்."

நான்கு செகண்டை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் பிழைத்தவளுக்கு ஒன்றரை மணி நேரம். சுதா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பல நாளாக அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று வந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பி, "மாமா, கேட்டீங்களா, நம்ம பிள்ள குரல் இருக்காம் மாமா," என்றாள். ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள்.

தனசேகரன் புளிக் கையோடு வாசல் நிலையில் வந்து நின்றார்.

"டீச்சர். ஒரு பாடத்த ரெண்டாந் தடவ வாசிச்சா என்ன ஆவும்?"

"புதுசுதான் இருக்கும் தாத்தா. பழசுக்கு மேல எழுதிடும். ஆனா கேக்காம எழுதாது. பழசு போயிடும், பரவாயில்லையான்னு ஒரு பெட்டி வரும். பச்ச, செவப்புன்னு ரெண்டு பட்டன்."

அவர் செருப்பு அலமாரிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் சுதா டேப்லெட்டோடு வந்து டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "கடைசியா வாசிச்சதப் போடுங்க டீச்சர்," என்றாள். நிரஞ்சனா அறுபதாவதைத் தொட்டாள்.

ஒரு செருமல். கோழையை உள்ளே இழுக்கிற சத்தம். பிறகு, "இனியா. உள்ளேன்."

பிறகு டேப்லெட்டுக்குள்ளிருந்து கிழவன் குரல் தண்ணீரைப் பற்றித் தடவித் தடவி வாசிக்கத் தொடங்கியது. சுதாவுக்குப் புரியவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது. "இது மாமா குரலாச்சே," என்றாள். "மாமா, நீங்க இதுல எப்படி..."

நிரஞ்சனாவுக்குப் புரிந்துவிட்டது. விரலை எடுத்துக்கொண்டாள். சுதா டேப்லெட்டைத் தன் மடிக்கு இழுத்து ஐம்பத்திரண்டைத் தொட்டாள். "இனியா. உள்ளேன்." நாற்பத்தாறு. "இனியா. உள்ளேன்." முப்பத்தெட்டு. இருமல். "இனியா. உள்ளேன்." முப்பது. இருபத்தொன்று. பதினைந்து. ஒவ்வொன்றிலும் கிழவன் எழுந்து நின்று வருகை சொன்னான்.

"அக்கா, போதும் அக்கா," என்றாள் நிரஞ்சனா. அழுதுகொண்டே திரையைப் பார்த்தாள். "தொடக்கத்துலயே பாடத்துல இல்லாத ரெண்டு வார்த்த வருது. அதனால ஒவ்வொரு தடவையும் தப்புன்னு எடுத்துக்கிட்டு லெவலக் கொறச்சுக்கிட்டே வந்திருக்கு. இல்லன்னா மேலயே நின்னிருக்கும், கீழ இருந்ததெல்லாம் தப்பிச்சிருக்கும்." சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"பேர எடுத்துடுவாங்கன்னு போட்டிருந்துச்சு," என்றார் தனசேகரன். "முப்பது நாள்னு. அதான் நான் தெனம்..."

புளித் தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றிலிருந்து நான்கு வரை அவர் இன்னும் போய்ச் சேரவில்லை. நிரஞ்சனா இரண்டாவதைத் தொட்டாள். ஏழு வயதுக் குரல், கிளி மாதிரி: "இது என் பூனை. பூனை பால் குடிக்கும். பூனை மேசைக்கு அடியில் தூங்கும்." பிறகு யாரிடமோ, "முடிஞ்சிருச்சு."

சுதா முழுவதையும் கேட்டாள்.

"இது ஏழு வயசு டீச்சர்."

"ஆமாக்கா."

"எனக்குப் பன்னண்டு வயசுப் பிள்ள வேணும்."

நிரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள். பழசை மீட்க முடியுமா என்று அந்த ஆப் செய்தவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கேட்டும் பார்த்தாள், இரண்டு நாள் கழித்து முடியாது என்று மெசேஜ் அனுப்பினாள். அது பிறகு. அன்றைக்கு அவள் போன பிறகு சுதா கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

*

மூன்று நாள் கழித்து ரமணன் அப்பாவைக் கீழே, கட்டடத்துக்கு அடியில் திறந்து கிடக்கிற வாய்ட் டெக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். கல் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பஸ் ஓட்டுகிற உடுப்பில் இருந்தான்.

"நீங்க வேணும்னு செய்யலன்னு அவளுக்குத் தெரியும்ப்பா."

"நான் போயி முகைதீனோட தங்கிக்கிறேன்."

"அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு." சொல்ல முடியாமல் மேசையில் வரைந்திருந்த தாயக் கட்டத்தை விரலால் தேய்த்தான். "கொஞ்ச நாளைக்கு அவ முன்னாடி பேசாதீங்க. உங்க குரலக் கேட்டா அவளால தாங்க முடியல. நேத்து நீங்க பாத்ரூம்ல இருமினீங்க, கையில இருந்த தட்டக் கீழ போட்டுட்டா."

தனசேகரன் சரியென்று தலையாட்டினார். அப்போதே பழகிக்கொள்ளத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது.

அதன்பிறகு அந்த வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. சோறு மேசையில் மூடி வைத்திருக்கும்; சுதா அதில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. ரசம் வேண்டுமென்றால் கிண்ணத்தை நகர்த்துவார். இருமல் வந்தால் வெளியே நடைபாதைக்குப் போய் இருமிவிட்டு வருவார். ஐந்து மணிக்கு மட்டும் கஷ்டம். அது கூப்பிடும். "வணக்கம், இனியா." சுதா இப்போது டேப்லெட்டை ஹாலில் மேசைமேலேயே வைத்திருந்தாள். அவர் ஜன்னலோரம் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். உள்ளேன் என்ற வார்த்தை பழக்கத்தில் தொண்டைவரை வந்து நிற்கும். அதை விழுங்குவார்.

தேக்காவிலும் பேச்சு குறைந்துபோனது. முகைதீன் ஒரு நாள் கேட்டார், "எனக்கு நீ அடிச்ச கார்டால ஒரு கெடுதலும் வரலியேடா. இது மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

"நீ திரும்பி வந்த," என்றார் தனசேகரன்.

ஆப்பில் இனியாவின் கணக்கை மூடுகிற நாள் வந்தது. முந்தின நாளே நிரஞ்சனா எல்லாவற்றையும் சுதாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். இனியா வாசித்த நான்கையும் அனுப்பிவிட்டு, மற்றது வேண்டுமா அக்கா என்று கேட்டாளாம். எல்லாத்தையும் போடுங்க என்று சுதா சொன்னாளாம். இது ரமணன் சொல்லித் தெரிந்தது.

அன்று வேலை முடிந்து, தேக்காவில் கீரையும் வாழைக்காயும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மழைக்கு மாட்டி, வீடு வந்து சேர நாலரை ஆகிவிட்டது. சுதா வேலைக்குப் போகவில்லை. பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. போன் பேசிக்கொண்டிருந்தது. "அம்மா, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. ஃபுல் கிரீம் லா." பிறகு பூனை பால் குடித்தது, மேசைக்கு அடியில் தூங்கியது. பிறகு ஒரு செருமல்.

"இனியா. உள்ளேன்."

அவர் பையோடு நடையில் நின்றார். தன் குரலை இவ்வளவு நேரம் நின்று கேட்பது ஒருவனுக்குத் தண்டனைதான். போய்விடலாம் என்று திரும்பினார்.

"உக்காருங்க மாமா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். சுதா தண்ணீர்ப் பாடத்தை முதலிலிருந்து போட்டாள். முடிந்ததும் நிறுத்தினாள்.

"கடைசி வரிய விட்டுட்டீங்க."

அவர் தலையாட்டினார்.

"பேசுங்க. பரவால்ல."

"கண்ணு தெரியல," என்றார். பல நாள் பேசாத குரல், அவருக்கே வேறு யாரோபோல இருந்தது.

"அவ விடமாட்டா."

"விடமாட்டா."

"கடைசி வரிக்கு வந்தாப் பாடம் முடியப் போவுதுன்னு சந்தோஷத்துல ஒரு இழு இழுப்பா. பரீட்சைக்கு இப்படி வாசிக்கக் கூடாதுடின்னு நான் திட்டுவேன். ஆனா நான் வேலைக்குப் போயிருவேன் மாமா, ஆறோ ஏழோ தடவதான் கேட்டிருக்கேன். எப்படி இழுப்பான்னு இப்ப எனக்குச் சரியா வரமாட்டேங்குது." அவள் அவரைப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். "நீங்க வீட்லயே இருந்தீங்க. தெனம் கேட்டிருக்கீங்க."

"அடுப்படியில இருப்பேன்."

"அப்படின்னாச் சொல்லுங்க."

தனசேகரன் கீரைப் பையை இறுக்கிப் பிடித்தார். அந்த வரி அவருக்குத் தெரியும். வெங்காயம் உரிக்கிற கைக்குத் தெரியும். "ஒவ்வொரு துளியையும் சேமிப்போம்," என்றார்.

"இல்ல. 'சேமிப்போம்'ல மேல போகும்."

"ஒவ்வொரு துளியையும் சேமிப்போம்."

"அது உங்க குரல். அவ மாதிரி."

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். பல்லில்லாத வாயைக் குவித்து, தொண்டையை மெலித்து, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை முன்னறையில் கால் ஆட்டிக்கொண்டே வாசிப்பதை நினைத்து, "சேமிப்போ..." என்று மேலே கொண்டுபோனார். பாதியில் உடைந்தது.

"அப்படி இல்ல," என்றாள் சுதா.

மறுபடி சொன்னார்.

"அப்படியும் இல்ல."

ஐந்து மணி ஆகி ஐந்து நிமிடம் கடந்திருந்தது. ஹாலில் டேப்லெட் மேசைமேல் கிடந்தது. யாரையும் கூப்பிடவில்லை.

"இன்னொரு தடவ, மாமா," என்றாள்.